பள்ளிக்கு ஸ்டெம் உதவி செய்யப் போகிறீர்களா? ஆசிரியரின் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய மாணவர் சங்கமோ, ஒரு நிறுவனமோ, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நாலைந்து பேரோ, ஒரு பள்ளியின் ஸ்டெம் கல்விக்கு, அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் கற்பிப்பதற்கு, உதவலாம் என்று கூடி உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி, "என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" நான் பல வருடம் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். இப்போது ஒரு சிறு அறக்கட்டளைக்காகப் பள்ளிகளின் நிதி விண்ணப்பங்களைப் படிக்கிறேன். தேர்வான பள்ளிகளோடு கூடவே இருந்து வேலையும் செய்கிறேன். வாங்கும் பக்கத்திலும் கொடுக்கும் பக்கத்திலும் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: பொருளைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த ஆசிரியருக்கு, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம் ஏற்படுத்திக் கொடுக்க முடியும் என்று முதலில் பேசுங்கள். நல்ல பள்ளித் திட்டங்கள் எல்லாமே அப்படித்தான் ஆரம்பித்தன.

பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவிலேயே சான்று இருக்கிறது. பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் கீழ் லட்சக்கணக்கான கணினிகள் பள்ளிகளுக்குப் போயின. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துவது கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. கணினிமேல் குற்றமில்லை. அதை வைத்து நாளைக்கு மூன்றாவது பீரியடில் எந்தப் பாடத்தை எப்படி எடுப்பது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லாவிட்டால் எந்தக் கருவிக்கும் இதே கதிதான்.

முதல் தடவை போகும்போது

பரிசுப் பொருளோ கேமராவோ இல்லாமல் போங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஏதாவது ஒரு அறிவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அப்புறம் லேபைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, கேட்டதும் கிடைக்கிறதா? தொட்டியில் தண்ணீர் வருகிறதா? ரசாயனப் புட்டிகளின் லேபிளில் என்ன தேதி இருக்கிறது? கால அட்டவணையில் செய்முறை பீரியட் இருக்கிறதா, இருந்தால் அது உண்மையில் நடக்கிறதா? அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் இருந்தால் அவற்றைப் பற்றி அன்பாகவே விசாரியுங்கள். உங்களுக்கு முன்னால் உதவ வந்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஸ்மார்ட் போர்டு, ரோபோட்டிக்ஸ் கிட், கணினி என்றுதான் பதில் வரும், ஏனென்றால் உதவ வருபவர்கள் எதைக் கொடுப்பார்கள் என்று பள்ளிகளுக்குத் தெரியும். நான் ஆசிரியர்களிடம் கேட்பது இது: "போன வருடம் எந்தப் பாடத்தைச் செய்து காட்டாமல் வாயாலேயே நடத்தி முடிக்க வேண்டியிருந்தது?" இதற்கு எல்லா ஆசிரியரிடமும் உடனே பதில் இருக்கும். சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு நிறுத்தாமல் பேசுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் திட்டத்தின் முதல் பக்கம்.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

முழுப் பாடத்திட்டத்தையும் மாற்றும் ஆசையை முதல் வருடம் விட்டுவிடுங்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம் போதும். நான் பெரும்பாலும் மின்சுற்றைத் தேர்ந்தெடுப்பேன். பொருள்கள் சின்னவை, பலன் கண்முன்னே தெரியும், பிள்ளைகளின் தவறான எண்ணங்கள் அங்கே தெளிவாக வெளியே வரும்.

இரண்டு டார்ச் பல்புகளைத் தொடராக இணைக்கப் போவதாகச் சொல்லுங்கள். சுவிட்சைப் போடும் முன்பு, "எது பிரகாசமாக எரியும்?" என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்பார்கள். முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்கு என்பது அவர்கள் மனதில் இருக்கும் படம். சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல எரியும். பல்புகளை இடம் மாற்றச் சொல்லுங்கள், பேட்டரியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் அதேதான். மின்னோட்டம் சுற்று முழுக்க ஒரே அளவு, பல்பில் செலவாவது ஆற்றல் என்ற விளக்கத்துக்கு இப்போதுதான் காது திறந்திருக்கும். முன்கூட்டிச் சொல்ல வைப்பது, பார்க்க வைப்பது, விளக்கச் சொல்வது என்ற இந்த வரிசையை மாற்றவே கூடாது. முதலிலேயே விளக்கிவிட்டுச் செய்து காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், பழைய படம் உள்ளேயே இருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வெவ்வேறு வகை பல்புகள் கலந்துவிட்டால் ஒன்று மங்கலாக, ஒன்று பிரகாசமாக எரிந்து, பிள்ளைகளின் தவறான எண்ணத்தை உறுதிசெய்துவிடும். எனவே எல்லாம் ஒரே வோல்ட், ஒரே ஆம்பியர் அளவுள்ளதாக ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள். வகுப்புக்கு முந்தின நாள் ஜோடி ஜோடியாக எரித்துப் பாருங்கள். ஆசிரியருக்கு உதவி தேவைப்படுவது இந்த மாதிரி இடங்களில்தான். இவை எந்தப் பாடநூலிலும் இருக்காது.

நால்வருக்கு ஒரு செட் என்று கணக்கு வையுங்கள். ஆறேழு பேர் ஒரு செட்டைச் சுற்றி நின்றால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு செட்டில் இரண்டு 1.5 வோல்ட் செல், அவற்றுக்கான ஹோல்டர், ஹோல்டரோடு இரண்டு பல்பு, ஒரு சுவிட்ச், கிளிப் வயர்கள் எட்டு. வயர்தான் முதலில் அறுந்துபோகும், அதனால் கூடுதலாகவே வையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் யார் இணைப்பது, யார் எழுதுவது என்பதை வகுப்புக்கு வகுப்பு மாற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பையன்கள் வயரைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே மாறிவிடும்.

கணிதத்தை இதே பாடத்துக்குள் கொண்டுவரலாம். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட் செல் ஒன்றால் அது எரியாது. 9 வோல்ட் பேட்டரியில் நேராக இணைத்தால் கருகிவிடும். நடுவே 470 ஓம் மின்தடை வைத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? மிச்சமுள்ள 7 வோல்ட்டை 470-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 15 மில்லி ஆம்பியர் வரும். எல்இடிக்கு அது பத்திரமான அளவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வகுத்தல் ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பாடம் எடுக்கத் தயாரானால் நூலும் கல்லும் போதும், ஊசலைச் செய்யலாம். 25 செ.மீ. நீள ஊசல் பத்து முறை போய்வர ஏறக்குறைய 10 விநாடி எடுக்கும். 1 மீட்டர் ஊசலுக்கு ஏறக்குறைய 20 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான். அறிவியல் ஆசிரியர் அளக்க வைக்கட்டும், அடுத்த பீரியடில் கணித ஆசிரியர் அதே எண்களுக்கு வரைபடம் போட வைக்கட்டும். ஸ்டெம் என்ற பெயரில் வரும் பல திட்டங்களில் கணித ஆசிரியரை யாரும் கூப்பிடுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. முதல் கூட்டத்துக்கே அவரையும் அழையுங்கள்.

மைக்ரோபிட், ஆர்டுயினோ போன்ற சிறு கணினிப் பலகைகள், காகித நுண்ணோக்கி எல்லாம் நல்லவையே. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கி 2014-ல் ஆய்விதழில் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் மடித்துச் செய்யும் காகிதக் கருவிதான், ஆனால் பொருள்களைச் சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற கணினித் திரைச் சோதனை மாதிரிகள் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். மின்சுற்றைக் கையால் செய்த பிறகு அதே சுற்றைத் திரையில் பார்க்கும்போது மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். கையால் செய்வதற்குப் பதிலாகத் திரை என்று வைத்துவிடாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம், செல்லும் பேட்டரியும் மட்டும்தான் என்பதை எழுத்தில் போட்டு லேப் சுவரில் ஒட்டுங்கள். அமிலம் தொடும் வேலை இருந்தால் கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடியும் தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

ஆசிரியர் பயிற்சி

ஒரு நாள் பயிற்சி முகாம், சான்றிதழ், குழு போட்டோ. இதற்காகச் செலவாகும் பணத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகாமில் உற்சாகம் உண்மையாகவே இருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பல்பு எரியாதபோது கேட்க ஆள் இருக்காது, அத்தோடு எல்லாம் நின்றுபோகும். பயிற்சி என்றால் திரும்பத் திரும்பச் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து அந்தச் சோதனையைத் தாங்களே செய்வார்கள். அவர்களிடமும் "எது பிரகாசமாக எரியும்?" என்ற கேள்வி போகும். சிலர் பிள்ளைகள் சொல்லும் பதிலையே சொல்வார்கள். அந்த நேரத்தில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது பயிற்சி தருபவரின் முதல் கடமை. ஒரு ஆசிரியர் அங்கே கூச்சப்பட்டுவிட்டால் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார். இரண்டாம் பாதியில் அவரவர் வகுப்புக்கான பாடத்தை அங்கேயே எழுதி முடிக்க வேண்டும்: எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம், என்ன கேள்வி, எதை எப்போது விநியோகிப்பது. பிறகு வகுப்பில் நடத்திவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை கூடி நடந்ததைப் பேசுவார்கள். மூன்று, நான்கு பள்ளிகளை இணைத்தால் இந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கும்.

ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துகிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம் இது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் ஆசிரியரை மதிப்பிடுவதில்லை, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்றுதான் பேசுகிறார்கள். நீங்களும் வகுப்பைப் பார்க்கப் போனால் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் சொன்னதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் மூன்று விநாடி சும்மா நிற்பது வகுப்பறையில் எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் நேரம் பார்த்துப் பழகட்டும்.

ஏற்பாடுகளில் கவனம் தேவை. பயிற்சியை விடுமுறை நாளில் வைக்காதீர்கள், அது அவர்களுடைய சொந்த நேரம். வேலை நாளில் வைத்தால் அந்த வகுப்புகளை யார் எடுப்பது என்பதையும், பயணப்படியையும் முன்பே தீர்த்துவிடுங்கள். ஒரு பள்ளியிலிருந்து எப்போதும் இரண்டு பேரை அழையுங்கள். ஒருவருக்கு மாறுதல் வந்தாலும் வேலை நிற்காது. தலைமை ஆசிரியரை ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள், செய்முறை பீரியடைக் காப்பாற்றக்கூடியவர் அவர்தான். பயிற்சி தருபவர் இப்போதும் வகுப்பெடுக்கும் ஆசிரியராக இருப்பது நல்லது. பொறியாளர்கள் வரட்டும், பிள்ளைகளிடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும், பழுதான கருவியைச் சரிசெய்து கொடுக்கட்டும். ஐம்பது பேர் உள்ள அறையில் பாடம் நடத்துவது வேறு தொழில்.

இதெல்லாம் சேர்ந்து நடந்த இடம் என்றால் நான் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தைச் சொல்வேன். 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. சோதனைக்கான கிட், ஆசிரியர்களின் மாதாந்தரக் கூட்டம், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தன. தேர்வு மனப்பாடத்தையே கேட்டால் எந்த ஆசிரியரும் சோதனைக்கு நேரம் ஒதுக்கமாட்டார் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது வருடம் ஓடிய திட்டமே அதிகாரிகளின் ஒரு முடிவில் நின்றுபோகலாம். ஆகவே கல்வித் துறையின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைப்பதும் உங்கள் வேலையில் ஒரு பகுதி.

நிதி கேட்பது, நிதி கொடுப்பது

பள்ளிக்காக நீங்கள் விண்ணப்பம் எழுத உதவினால், முதலில் நிதி தருபவரின் தகுதி நிபந்தனைகளைப் படியுங்கள். பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, பள்ளியின் பெயரில் வங்கிக் கணக்கு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மீதியை யாரும் படிக்கமாட்டார்கள். கடைசித் தேதி வரை காத்திருக்காமல், சந்தேகம் இருந்தால் போன் செய்து கேளுங்கள். கேட்பவர்களை நாங்கள் நல்லவிதமாகவே நினைக்கிறோம்.

என் மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "ஸ்டெம் கல்வியை மேம்படுத்தி மாணவர்களின் படைப்பாற்றலை வளர்க்க எங்களுக்கு நவீன ஆய்வகம் தேவை." இதை வைத்து என்னால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதே பள்ளி இப்படி எழுதினால்: "எட்டாம் வகுப்பில் 3 பிரிவு, 126 மாணவர்கள். மின்சுற்றை இப்போது ஆசிரியர் மேசையில் ஒரே செட் வைத்துச் செய்து காட்டுகிறோம். பிரிவுக்கு 42 பேர், நால்வருக்கு ஒரு செட் என்றால் 11 வேண்டும், பழுதுக்கு ஒன்று சேர்த்து 12. மூன்று பிரிவும் வெவ்வேறு நாளில் அதே 12 செட்டைப் பயன்படுத்தும். இரண்டு அறிவியல் ஆசிரியர்களும் ஒரு கணித ஆசிரியரும் மாதம் ஒரு பிற்பகல் சந்திப்பார்கள்." இதைப் படித்ததும் எனக்கு அந்த வகுப்பறை தெரிகிறது. அடுத்த கேள்வியைக் கேட்கலாம், பணமும் ஒதுக்கலாம்.

பட்ஜெட்டில் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: எண்ணிக்கை, விலை, அதன்மேல் கட்டும் வரி, அனுப்பும் செலவு. மூன்று விலைப்புள்ளிகளை இணையுங்கள். நூறு பங்கு பணம் இருந்தால் நான் 45 பங்கை ஆசிரியரின் நேரத்துக்கு வைப்பேன், அதாவது பயிற்சி, பயணம், மாற்று ஆசிரியர். 25 கருவிக்கு. 15 தீர்ந்துபோகும் பொருளுக்கும் பழுதுக்கும். 10 தொடர் சந்திப்புக்கும் மதிப்பீட்டுக்கும். மிச்சம் 5 எதிர்பாராத செலவுக்கு. நிதி தருபவர்கள் பலர் இதைத் தலைகீழாகவே கேட்பார்கள், கருவி கண்ணுக்குத் தெரியும் என்பதால். ஏன் இப்படி என்று விண்ணப்பத்திலேயே தைரியமாக விளக்குங்கள். ஏற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கொடுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சில வேண்டுகோள். ஒரே தடவை பெரிய தொகை தருவதைவிட அதையே மூன்று வருடத்துக்குப் பிரித்துத் தாருங்கள். கல்வியாண்டு தொடங்கும் முன்பு பணம் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு முந்தின மாதம் வந்தால் அவசர அவசரமாக ஏதாவது வாங்கி முடிப்பார்கள். செலவு செய்து ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம் என்ற முறை ஏழைப் பள்ளிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, முன்பணம் கொடுங்கள். சிறு தொகைக்குப் பத்துப் பக்க அறிக்கை கேட்காதீர்கள். அந்த அறிக்கையை எழுதுவதும் அதே அறிவியல் ஆசிரியர்தான், அதுவும் வகுப்பை விட்டுவிட்டு. இரண்டு பக்கமும் கணக்கும் போதும், வருடத்தில் ஒரு முறை நீங்களே நேரில் போய் வகுப்பில் உட்காருங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது கணக்கே ஆகாது. பாடத்துக்கு முன்பும், பாடம் முடிந்து சில வாரம் கழித்தும் அதே மூன்று கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த இரண்டு பல்பு கேள்வி அவற்றில் ஒன்றாக இருக்கட்டும், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செய்முறை பீரியட் நடந்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் உடைந்த பொருள்களின் பதிவேட்டைக் கேளுங்கள். வருடம் முழுக்க ஒரு பல்பும் போகவில்லை, ஒரு வயரும் அறவில்லை என்றால் எனக்குக் கவலை வந்துவிடும், பெட்டி திறக்கப்படவில்லை என்று அர்த்தம். உடைந்ததற்காக ஆசிரியர் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டிய விதி எங்காவது இருந்தால் அதை முதல் மாதமே பேசி நீக்குங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை கருவிகள் அலமாரியை விட்டு வராது.

இரண்டாம் வருடத்தில் நீங்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாதக் கூட்டத்தை ஆசிரியர்களில் ஒருவரே நடத்தட்டும், அடுத்த பாடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு செட்டின் மூடிக்குள்ளும் என்னென்ன இருக்க வேண்டும், எது தீர்ந்தால் என்ன அளவில் வாங்க வேண்டும் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். புதிதாக மாறுதலில் வரும் ஆசிரியருக்குப் பழையவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைப் பள்ளியின் வழக்கமாக்கிவிடுங்கள். மூன்றாம் வருடத்தில், தீர்ந்துபோகும் பொருள்களுக்கான செலவைப் பள்ளியின் சொந்த வரவுசெலவில் சேர்ப்பதற்கான கடிதத்தைத் தலைமை ஆசிரியரோடு சேர்ந்து எழுதி, கல்வித் துறையிடம் கொடுத்துக் கையொப்பத்தோடு நகல் வாங்கி வையுங்கள்.